தம்புரா கேட்காத ஆம்ப்ளிஃபையர்

போன விஜயதசமிக்கு என் மனைவி வீணையை உறையிலிருந்து எடுக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வீணை சொல்லிக்கொடுக்கிறாள். விஜயதசமி என்றால் எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்டில் தட்டில் வெற்றிலை பாக்கோடு புதுசாக யாராவது வந்து உட்காருவார்கள். அந்தத் தடவை ஒருவரையும் வரச் சொல்லவில்லை. ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்தவர்களையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். "முழங்கால் வலி, கீழ உக்கார முடியலை" என்று எல்லோரிடமும் சொன்னாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. காது போய்க்கொண்டிருந்தது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கூடவே இருந்த நானோ, ஒலி ஒலி என்று பாதி ஆயுளைத் தொலைத்தவன், அந்தக் கோளாறைக் கிட்டத்தட்ட ஒரு வருஷமாக என் ஆம்ப்ளிஃபையருக்குள் தேடிக்கொண்டிருந்தேன். முட்டாள்தனத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்பார்கள். கிடையவே கிடையாது.

எனக்கு இருப்பது வால்வுப் பைத்தியம். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்னால் ரேடியோவுக்குள் கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் இழை மெல்லச் சிவந்து, சூடேறி, அதற்கப்புறம்தான் பெட்டி வாயைத் திறக்கும். அந்தக் குழாய்க்குத்தான் ரேடியோக் கடைகளில் வால்வு என்று பெயர். பழைய சாமான் கடை, மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்களின் பரண், மூடிப்போன சினிமாக் கொட்டகை என்று எங்கே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் கிடந்தாலும் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். துருவைச் சுரண்டி, காய்ந்துபோன கண்டன்சரை மாற்றி, டிரான்ஸ்பார்மருக்குப் புதுக் கம்பி சுற்ற வைத்து, பேசாததைப் பேச வைப்பேன். அடிப்பலகையிலிருந்து புதிதாகவும் கட்டுவேன். சிலிக்கான் சிப்பு வைத்த புது செட் என்ன பாவம் செய்தது என்று கேட்கிறார்கள். செய்தது, அவ்வளவுதான். இதில் என்னோடு வாதாட வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் காபிகூடக் கிடையாது.

இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வால்வு ஓடுவதற்கு வீட்டுக் கரண்டைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். தொட்டால் ஆள் காலி. அதனால் செட் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரு கையைத்தான் விடவேண்டும், இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கையையும் விட்டால் கரண்ட் ஒன்றில் ஏறி, நெஞ்சு வழியாகப் போய், மற்றதில் இறங்கும். பால்கனியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடது கையை முதுகில் வைத்து, வலது கையால் நான் துழாவிக்கொண்டிருப்பதை எதிர் ஃப்ளாட் மாமி தினமும் பார்த்திருக்கிறாள். எனக்குக் கை விழுந்துவிட்டது என்று நினைத்து, ஒருநாள் என் மனைவியைப் பிடித்து, "எப்பலேர்ந்து வாதம்?" என்று விசாரித்தாள். "அது வாதம் இல்லை மாமி, பிடிவாதம்" என்றாளாம் இவள்.

பைத்தியம் பிடித்தவர்கள் நாங்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அவரவர் கட்டியதைக் கொண்டுவந்து வைத்து, முன்னால் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டிவிடுவோம். எந்தப் பெட்டி பாடுகிறது என்று தெரியாமல் கேட்டு, நல்லது கெட்டது சொல்லவேண்டும். பார்த்துவிட்டால் அவரவர் பெட்டிதான் உசத்தி என்று சண்டை வரும். திரை கட்டியும் சண்டை வந்துகொண்டுதான் இருந்தது. ஒருமுறை எங்கள் வீட்டில் நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ரெண்டாவதாப் போட்டேளே, அதுலதான் ஜீவாளி கேட்டது. மத்ததெல்லாம் தம்புராவே இல்லை, கொசு."

தம்புராவில் தந்திக்கு அடியில், குதிரையின்மேல், ஒரு துண்டு நூலைச் செருகியிருப்பார்கள். அதுதான் ஜீவாளி. நூல் சரியான இடத்தில் இருந்தால் தந்தி வெறுமனே ஒலிக்காமல், மினுமினுவென்று விரிந்துகொண்டே போகும். இல்லாவிட்டால் தந்தி செத்துக் கிடக்கும். என்னிடம் ஒரு பழைய வாய்ப்பாட்டு இசைத்தட்டு இருக்கிறது. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தம்புரா மட்டும் ஒலிக்கும். அன்றிலிருந்து அதுதான் எங்கள் பரீட்சை. யார் எதைக் கட்டினாலும் அந்தத் தட்டைப் போடுவோம், அவள் ஜீவாளி கேட்கிறது என்றால் பாஸ். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ஹைகோர்ட். என்னிடம் இருக்கிற மீட்டர்கள் எத்தனை வோல்ட் என்று சொல்லும். பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று அவள்தான் சொல்வாள்.

அந்த விஜயதசமிக்கு முன்னால் வந்த பொங்கல் கழித்து ஒருநாள், சினிமாக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து நான் உயிர்கொடுத்த சாம்பல் நிறப் பெட்டியில் அந்தத் தட்டைப் போட்டேன். நான் செய்ததிலேயே அதுதான் உசத்தி. ஏற்கெனவே ஹைகோர்ட்டில் பாஸ் பண்ணின பெட்டி. அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன்னா, ஜீவாளி எங்க போச்சு?" என்றாள்.

எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. ஆனால் ஹைகோர்ட்டே இல்லை என்று சொல்லிவிட்டால் எனக்குக் கேட்டது பிரமை, வேறென்ன? என் காதைவிட அவள் காதை நம்பிப் பழகியவன் நான். உடனே பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஆரம்பித்தேன். முதலில் கண்டன்சர்களை மாற்றினேன். கேட்கவில்லை. வால்வுகளைப் போலி என்று சந்தேகப்பட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். கேட்கவில்லை. வேறு பெட்டியை எடுத்து வைத்தேன், அதிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஒன்றிரண்டு கெட்டால் பெட்டியைச் சொல்லலாம். வீட்டிலுள்ள அத்தனையும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா என்று எந்தக் குழந்தையும் கேட்டிருக்கும். எனக்குத் தோன்றியதோ வேறு. மந்தைவெளிக்கு வருகிற கரண்ட்டே அசுத்தமாகிவிட்டது என்று முடிவுகட்டி ஸ்டெபிலைசர் வாங்கினேன். அப்புறம் உப்புக் காற்றில் பின்களெல்லாம் அரித்துவிட்டன என்று ஒவ்வொரு பின்னாகத் தேய்த்தேன். ஸ்பீக்கரைத் திருப்பினேன், சோபாவை நகர்த்தினேன், ஜன்னல் திரையைக் கழற்றினேன்.

ஒவ்வொரு தடவையும் நான் கூப்பிட்டதும் அவள் போட்டது போட்டபடி கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள். தட்டு சுற்றும். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "இல்லைன்னா" என்பாள். எழுந்து போய்விடுவாள். இவளுக்கு எப்போதிலிருந்து என் பெட்டிகள்மேல் இவ்வளவு அக்கறை என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

கடைசியில் மேல் ஸ்தாயியைத் தூக்கிக்கொடுக்கிற மாதிரி சர்க்யூட்டையே மாற்றினேன். அன்றைக்கு அவள், "கொஞ்சம் கேக்கற மாதிரி இருக்கு" என்றாள். விடுவேனா? இன்னும் தூக்கினேன். இன்னும் தூக்கினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்த மாதக் கூட்டம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீட்டில். திரைக்குப் பின்னாலிருந்து என் சாம்பல் பெட்டி பாட ஆரம்பித்ததும் எல்லோர் முகமும் புளியங்காயைக் கடித்த மாதிரி ஆயிற்று. ராயப்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பாய் எங்கள் கூட்டத்தில் ஒருவர், என்னைவிடப் பெரிய வால்வுப் பைத்தியம். அவர் பகிரங்கமாகக் காதில் விரலை விட்டுக்கொண்டார்.

"இன்னா ஐயரே இது? தம்புராவா, கத்தி சாணை புடிக்கிறியா?"

"ஹைகோர்ட்டுக்கு இப்பதான் கொஞ்சம் கேக்குது பாய்" என்றேன்.

பாய் என் மனைவி இருந்த பக்கம் பார்த்தார். அவள் உள்ளே போயிருந்தாள். என்னை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "ஐயரே, தப்பா எடுத்துக்காத. நம்ம கடைக்குத் தெனம் ஆளு வரான். பேப்பர்காரன் எழுத்தப் பொடிசாக்கிட்டான் பாய், ஒண்ணும் படிக்க முடியலன்னு திட்டிக்கினுதான் வரான். எனக்குக் கண்ணு மங்கிடுச்சுன்னு சொல்லிக்கினு ஒருத்தனும் வரதில்ல. பொட்டி நல்லாத்தான் கீது. மாமிக்கு ஒரு தபா காதக் காட்டு."

எனக்கு வந்ததே கோபம்! என் பெண்டாட்டியின் காதைக் குறை சொல்ல இவர் யார்? "பாய், உங்க கடையை ராயப்பேட்டையோட வெச்சுக்குங்க" என்றேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அப்புறம் அவர் போன் செய்தபோது நான் எடுக்கவில்லை.

கோபத்துக்குக் காரணம் அவர் சொன்னது பொய் என்பதல்ல. அவர் சொன்னது நிஜம் என்று இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. வாஷிங் மெஷின் துணியைத் தோய்த்து முடித்துவிட்டால் பீப் பீப் என்று கூப்பிடும். நான் பால்கனியில் இருந்தேன், எனக்கே எரிச்சலாக இருந்தது. போய்ப் பார்த்தால் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி காய்ந்த துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். மெஷின் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. என்னைப் பார்த்ததும், "பாருங்கோ, இன்னும் முடியலை, இந்த மெஷினும் கெட்டுப்போச்சு போல இருக்கு" என்றாள்.

கிட்டே போய் மெஷினை நிறுத்தினேன். "முடிஞ்சு ரொம்ப நாழியாச்சு. கூப்பிட்டுண்டே இருந்தது" என்றேன்.

அவள் மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியும்" என்றாள். "எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுண்டா என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்தினே?"

"உங்க டப்பாவோட கோளாறா இருக்கணும்னு வேண்டிண்டேன். நீங்க ஒவ்வொண்ணா மாத்திட்டுக் கூப்பிடறச்சே, இந்தத் தடவை கேட்டுடும், இந்தத் தடவை கேட்டுடும்னு நினைச்சுண்டு வந்து உக்காருவேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான் என் கதை." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "கடைசிக் கடைசியா பசங்க வாசிக்கறச்சே நான் கேக்கவே இல்லை. அவா விரலைப் பார்த்துண்டு, பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தேன். அது சங்கீதம் இல்லை, டிராஃபிக் போலீஸ். அதான் நிறுத்திட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்கு அதெல்லாம் வழக்கமில்லை. அவள் இத்தனை நாள் தனியாக இதைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள் என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகையாக வந்தது, அழுதும்விட்டேன்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு காது கிளினிக்குக்குப் போனோம். பரிசோதித்த பெண் ஒரு படம் போட்டுக் கொடுத்தாள். கீழ் ஸ்தாயியில் நேராகப் போகிற கோடு, மேலே போகப் போகச் சடாரென்று சரிந்திருந்தது. இந்தப் படத்தை எனக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. எத்தனையோ ஆம்ப்ளிஃபையருக்கு நானே இதைப் போட்டிருக்கிறேன். பெட்டியாக இருந்தால் கழற்றி மாட்டலாம். இதற்குக் காதில் வைக்கிற மெஷின்தான் வழி என்றாள் அந்தப் பெண். அதற்குள் இருப்பதோ சுத்தமான சிப்பு. எனக்கும் பாட்டுக்கும் நடுவில் சிப்பு வரக்கூடாது என்று ஊரெல்லாம் சண்டை போட்டவன், என் மனைவியின் இரண்டு காதிலும் சிப்பை வைக்கச் சொல்லிவிட்டு, கடவுளே இது வேலை செய்யவேண்டும் என்று கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலை செய்தது. வீடு திரும்பும் வழியெல்லாம், "காக்கா இவ்வளவு கத்துமா!" என்றாள். தன் வளையல் சத்தம் கேட்டுத் தானே திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் என் பெட்டியைப் போடச் சொன்னாள். போட்டதும் முகத்தைச் சுளித்தாள். "ஐயய்யோ, என்ன இது, இப்படிச் சீறறது! இதையா கட்டிண்டு அழுதேள்?" என்றாள். நான் சிரித்தேன். ஹைகோர்ட் திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த தம்புராவை எடுத்து மடியில் வைத்து மீட்டினாள். மூன்று சுற்று, நாலு சுற்று. மீட்ட மீட்ட அவள் முகம் விழுந்துகொண்டே போனது. "வர்றது, உடனே அடங்கிப்போயிடறது. அலையடிக்கறது. யாரோ கதவைத் திறந்து திறந்து மூடற மாதிரி" என்றாள். இந்தத் தடவை பெட்டியைக் குறை சொல்லவும் வழியில்லை, நடுவில் பெட்டியே இல்லை. மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். "பேச்சுக்கு இது போறும். வீணைக்கு இனிமே நான் வேண்டாம்" என்றாள். தம்புராவை உறையில் போடப் போனாள்.

"இரு, இரு" என்றேன். அலையடிக்கிறது என்று அவள் சொன்ன வார்த்தை என்னை விடவில்லை. கெட்டுப்போன பெட்டி அப்படி அலையடிக்காது. வேண்டுமென்று யாரோ குறைத்தால்தான் அப்படி வரும். பேச்சு விட்டு விட்டு வரும். ஃபேனும் ஏசியும்தான் விடாமல் ஒலிக்கும். விடாமல் ஒலிப்பதெல்லாம் இரைச்சல் என்று நினைத்துக் குறைக்கும்படி இந்த மெஷினுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். தம்புரா விடாமல் ஒலிப்பது. தம்புராவை ஃபேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது சனியன்!

உடனே எனக்கு யாரிடமாவது சொல்லவேண்டும். கை தானாக பாய்க்குப் போன் போட்டது. பழைய சண்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கு இன்னா இப்ப? நாங்க படிக்கறதுக்கு ஒரு கண்ணாடி, வண்டி ஓட்ட ஒரு கண்ணாடின்னு தரோம் இல்ல? பாட்டுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சுத் தரச் சொல்லு. மாமியயும் தம்புராவயும் சேத்து இட்டுக்கினு போ" என்றார்.

மறுநாள் காலை தம்புராவோடு ஆட்டோ பிடித்தோம். "இன்னா சார், கிடாரா? உள்ள வராது, வெளிய நீட்டிக்கினு போலாம்" என்றார் ஆட்டோக்காரர். குடத்தை அவள் மடியிலும் கழுத்தை என் தோளிலும் வைத்துக்கொண்டு, முனை வெளியே நீள, ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஊரே வேடிக்கை பார்க்கப் போய்ச் சேர்ந்தோம். கிளினிக் பெண் தம்புராவைப் பார்த்து முதலில் திகைத்தாள். நான் இரைச்சல், ஃபேன் என்று படபடவென்று கொட்டியதும், "புரியறது சார், நீங்க சொல்றது சரிதான்" என்றாள். "மியூசிக்னு ஒரு செட்டிங் தனியா இருக்கு. ஆனா அதுலயும் இந்த இரைச்சல் குறைக்கறதெல்லாம் பாதி ஆன்லதான் இருக்கும். ஒவ்வொண்ணா எடுத்துடறேன். மேடம், நீங்க மீட்டிண்டே இருங்க."

கதவைச் சாத்தினார்கள். அவள் நாற்காலியில் தம்புராவை நிமிர்த்தி வைத்து மீட்டினாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஒன்றை அணைத்துவிட்டு, "இப்போ?" என்றாள். என் மனைவி தலையை ஆட்டினாள், இல்லை. இன்னொன்று. இல்லை. நான் சுவரோரம் நின்றேன். இடது கை முதுகுக்குப் பின்னால் தானாகப் போயிருந்தது. "இப்போ, மேடம்?"

அவள் கை மீட்டிக்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று நிறுத்தினாள். தம்புராவைத் தன் பக்கம் சாய்த்துக் குதிரையைப் பார்த்தாள். பஞ்சமத் தந்திக்கு அடியில் இருந்த நூலைச் சுண்டுவிரலால் துளியூண்டு நகர்த்தினாள். மறுபடி மீட்டினாள். அந்தச் சின்ன அறை நிரம்பிவிட்டது.

"ஜீவாளி விலகியிருந்திருக்கு" என்றாள், யாரையும் பார்க்காமல். "எத்தனை நாளாவோ."

ஆட்டோவில் திரும்பி வரும்போது, சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்த எனக்கு அவள் முகத்தைப் பார்த்துக் குழப்பமாக இருந்தது. லஸ் தாண்டியதும் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அடையாறில் வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி, பல வருஷமாக இவளிடம் கற்றுக்கொண்டிருந்தவள், நிறுத்தச் சொன்னபோது அழுதுவிட்டுப் போனவள். அவளுக்குத்தான் போட்டாள்.

"நான்தான்டீ பேசறேன். முழங்கால் எல்லாம் ஒண்ணுமில்லை, எனக்குக் காது கேக்காமப் போயிடுத்து. அதான் நிறுத்தினேன். இப்ப மெஷின் வெச்சிண்டிருக்கேன். கடைசி ஒரு வருஷமா உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அதுல எங்கெங்கே ஸ்ருதி சேராம விட்டேனோ எனக்கே தெரியாது. முதல்லேர்ந்து ஒரு தடவை வாசிச்சுக் காட்டு, எல்லாத்தையும் திருத்திடறேன். எப்ப வரே?"

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே, ஆட்டோ இரைச்சலையும் மீறி, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. "நாளைக்கே வரேன் மாமி!" என்று அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

என் மனைவி போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றாள். "சரி, இனிமே மெதுவாப் பேசுடீ. எனக்குக் கேக்கறது."